தோல் கட்டிய கோடு

மே 28

பாப்பாவின் அப்பாவுக்கு,

இது வக்கீல் சமாசாரம் இல்லை. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தால் வார்த்தையைவிடக் காற்றுத்தான் அதிகம் வருகிறது. ஏழு வயதுக்கு அவள் பேசுகிற பேச்சுக்கு அதுவும் நல்லதுதான்.

உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். பட்டறை போனுக்கு மூன்று தடவை அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். ஆகவே பதினான்கு மாதம் கழித்து இந்தக் கடிதம்.

நேற்று உங்கள் தங்கை எனக்கு ஒரு படம் அனுப்பினாள். "அண்ணன் வேலையப் பாருங்க அண்ணி, குழந்தைங்க பல் டாக்டர் கிளினிக்ல வச்சிருக்காரு" என்று. காத்திருக்கிற அறையில் ஆறடி மீன் டேங்க். பக்கத்தில் டாக்டர். அவர் பக்கத்தில் நீங்கள், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி. டேங்குக்கு முன்னால் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள் வரிசையாக. நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அடிக் கண்ணாடியின் இடது முனையில் நகக்கண் அளவு உடைந்து, எமரித் தாளால் நான் தேய்த்துச் சரிசெய்த இடம் தெரிந்தது.

அது நான் கடைசியாகச் சிலிக்கான் பசையால் கோடு போட்ட டேங்க். நான் வீட்டை விட்டு வந்ததற்கு முந்தின நாள் போட்டது.

அதன் பின் கண்ணாடி சரியாக ஒட்டவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். அடிக் கண்ணாடியின் பின் விளிம்பில் வலது முனையிலிருந்து சிலிக்கான் இழுத்துக்கொண்டு வந்தேன். பாதியில், மூன்றடி தாண்டியபோது, நீங்கள் பின்னால் வந்து நின்று அந்தப் பேச்சைப் பேசினீர்கள். நான் சிலிக்கான் துப்பாக்கியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து மீதிப் பாதியை இழுத்தேன். இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினோம். முதல் பாதி அதற்குள் மேலே காய்ந்து தோல் கட்டிவிட்டது. தோல் கட்டின சிலிக்கான் மேல் கண்ணாடி உட்காரும், ஒட்டாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தயவுசெய்து தண்ணீரைப் பாதிக்கு இறக்குங்கள், இன்றைக்கே. பிறகு டேங்கைக் கழற்றிக் கொண்டுவந்து பிரித்து ஒட்டுங்கள். எண்ணூறு லிட்டர். முன்னால் குழந்தைகள்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 3

பாப்பா அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டு வைத்திருந்தேன். பிரித்த பிறகு, வக்கீல் நோட்டீஸாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பதினான்கு மாதத்தில் நான் சாப்பிட்டேனா, இருக்கிறேனா, செத்தேனா என்று ஒரு வார்த்தை இல்லை. ஊரில் நாலு பேர் என் வேலையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதும் உனக்குக் கை அரித்துவிட்டது. நீ இல்லாமல் பட்டறை படுத்துவிடும் என்று எதிர்பார்த்தாய். படுக்கவில்லை. அதுதான் உன் வயிற்றெரிச்சல்.

அந்த டேங்கை ஆர்டர் கொடுத்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஒரு வருஷம் பட்டறையிலேயே கிடந்தது. டாக்டருக்குக் கொடுப்பதற்கு முன்னால் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்து, முழுசாகப் பத்து நாள் வைத்தேன். தாளில் ஒரு சொட்டு இல்லை. பத்தாம் நாள் எடுத்து மடித்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒட்டாத டேங்க் பத்து நாள் தாங்குமா? நீயே சொல்.

அன்றைக்கு நீ உள்ளே போனது இரண்டு நிமிஷம். மூக்கைச் சிந்திவிட்டு வந்தாய். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் எந்த சிலிக்கானும் தோல் கட்டாது.

அப்படியே கட்டியிருந்தாலும், அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே. வாத்தியார் வீட்டு மீன் செத்தபோது அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொன்ன உத்தமி நீ. "சார், இது பாத்ரூமுக்குப் போடுற சிலிக்கான், பூஞ்சைக்கு மருந்து கலந்தது, அதுதான் மீனக் கொன்னுடுச்சு" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னாய். அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

டேங்கில் இப்போது நாற்பது மீன் இருக்கிறது. டாக்டர் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். பல் பிடுங்க வந்த பிள்ளைகள் அழாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். என் பிழைப்பில் மண்ணைப் போடாதே.

பாப்பாவுக்கு என் முத்தம். விழுந்த பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

நான்

ஜூன் 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

திட்டியதெல்லாம் சரி. சாப்பிட்டீர்களா என்று கேட்காதது என் தப்பு. இப்போது கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தைப் படியுங்கள், வெறும் வயிற்றில் உங்களுக்குக் கோபம் அதிகம்.

இரண்டு நிமிஷம் இல்லை. நான் உள்ளே போனபோது பள்ளிக்கூட வேன் வரவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது பாப்பா காலணியைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தாள். "அம்மா, ஏன் உன் மூஞ்சி வீங்கியிருக்கு?" என்று கேட்டாள். அவள் சாப்பிடுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து நிமிஷத்துக்குக் குறையாது.

வந்து, முதல் பாதியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. அந்த இடத்திலேயே பிளேடு எடுத்து மூன்றடியையும் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, முதலிலிருந்து இழுத்திருக்க வேண்டும். நீங்கள் "ம், தூக்கு" என்றீர்கள். தூக்கினேன்.

அந்த வாய் எங்கே போயிருந்தது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். கோபத்தில் இருந்தது. வாத்தியாரிடம் உண்மை சொன்னதற்கு நீங்கள் என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்றீர்கள். இனிமேல் நீ எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்றீர்கள். சரி, சொல்லாமலே இருந்து பார்க்கிறேன், கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். என் கையால் செய்த வேலை கெடட்டும் என்று நானே நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் பாதி வழியில் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து சொல்ல மனசு வரவில்லை. ஆர்டர் ரத்தானது என்று உங்கள் தங்கை சொன்னதும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். நான் உத்தமி இல்லை. இதை வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் எப்படித் தாங்கியது என்றால், உள்மூலையில் நான் விரலால் இழுத்துவிட்ட பூச்சு நல்ல பூச்சு. இப்போது தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தண்ணீர் கசியாமல் இருக்கப் போடுவது. கண்ணாடியை நிறுத்திப் பிடிப்பது அடியில் இருக்கிற கோடு. பூச்சு ஒரு நாள் விடும். விடும்போது சொட்டுச் சொட்டாக விடாது.

என்னை நம்ப வேண்டாம், கண்ணை நம்புங்கள். டேங்குக்குப் பின்னால் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை விட்டு, டார்ச் அடித்து, அடி விளிம்பைப் பாருங்கள். ஒட்டின இடம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். ஒட்டாத இடம் வெள்ளித்தாள் மாதிரிப் பளபளக்கும். வலது முனையிலிருந்து மூன்றடி.

இன்னொன்று. முன் கண்ணாடியை நான் கிளம்பி வந்த பிறகு நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி சிலிக்கான்? மேல் தட்டில் தேதி முடிந்த பெட்டி ஒன்று இருந்தது. தூக்கிப் போடச் சொல்லியிருந்தேன்.

உங்கள் பதிலுக்கு ஜூன் 15 வரை பார்ப்பேன்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 12

என் பாப்பா அம்மாவுக்கு,

பார்த்தேன்.

டாக்டரிடம் ஃபில்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான். பல்லைப் பார்க்கிற அந்த நீளக்காம்பு வட்டக் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். "மீனுக்கும் சொத்தைப் பல்லா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அந்தக் கண்ணாடி. என் பின்னால் ஒரு குட்டிப் பையன் நாற்காலியில் ஏறி நின்று, முன் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மீனைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் என் முதுகுத்தண்டில் இறங்கியது.

பளபளப்பு இருக்கிறது. மூன்றடி முழுவதும் என்று சொல்ல மாட்டேன். விட்டு விட்டு இருக்கிறது. காற்றுக் குமிழாகக்கூட இருக்கலாம். எல்லா டேங்கிலும் கொஞ்சம் குமிழ் இருக்கும்தானே.

நீ சொன்னதற்காகத் தண்ணீரை நாலு விரல் இறக்கியிருக்கிறேன். பாதிக்கு இறக்கினால் டாக்டர் ஏன் என்று கேட்பார். நான் என்ன சொல்ல? இந்த டேங்கைப் பார்த்துத்தான் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு கண் ஆஸ்பத்திரியும் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். வைத்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கழற்றினால் என் பெயர் என்ன ஆகும்? வாத்தியார் விஷயத்துக்குப் பிறகு நான் எழுந்து நிற்க ஒரு வருஷம் ஆனது. அதை நீ பார்க்கவில்லை.

ஸ்டாண்டுப் பலகை ஒரு ஓரத்தில் தொட்டால் லேசாக ஈரமாக இருந்தது. தரை துடைக்கிற அம்மா மாப்பை அழுத்திப் போட்டிருப்பார்கள். தப்பாக நினைக்காதே, எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முன் கண்ணாடிக்கு நல்ல பெட்டிதான். புதுசு. அதில் சந்தேகமே வேண்டாம்.

என்னுடைய கோரிக்கை ஒன்றுதான். மாதக் கடைசியில் டாக்டர் ஒரு வாரம் கிளினிக்கை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போகிறார். அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, பிரித்து, ஒட்டி, காயவைத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். பதினைந்து நாள். அதுவரை வாயைத் திறக்காதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீயும் கூட வந்து கோடு போட்டுக் கொடு. உன் கை மாதிரி எனக்கு வராது, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன்
பாப்பா அப்பா

ஜூன் 16

பாப்பாவின் அப்பாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

ஈரம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் என்னைச் சமாதானம் செய்கிறீர்கள். மாப் போட்டால் பலகையின் வெளி ஓரம் நனையும், டேங்குக்கு அடியில் நனையாது. நீங்கள் எந்த ஓரம் என்று எழுதவில்லை. வலது பின் ஓரம்தான். இல்லையென்றால் எந்த ஓரம் என்று எழுதியிருப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருக்கிற பெண் எடுத்தாள். டேங்கில் கோளாறு இருக்கிறது, தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்றேன். "மேடம், டேங்க் சம்பந்தமா இருந்தா அத வச்சவர்கிட்டயே பேசிடுங்க, நம்பர் தரவா?" என்றாள். உங்கள் நம்பரை எனக்கே சொன்னாள். டாக்டரைக் கொடு என்றேன், உள்ளே குழந்தைக்குப் பல் பிடுங்குகிறார் என்றாள். மறுபடி அடித்தேன், மறுபடியும் பல் பிடுங்குகிறார். அவளுக்கு என் குரல் பைத்தியக்காரியின் குரலாகக் கேட்டிருக்கும்.

பிறகு கூரியரில் டாக்டருக்கே கடிதம் அனுப்பிவிட்டேன். கையில்தான் கொடுக்க வேண்டும் என்று உறை மேல் எழுதியிருக்கிறேன். நாளை காலை அவருக்குப் போய்விடும். இது உங்களுக்குத் தபாலில் வருவதற்குள் அவர் படித்திருப்பார்.

அதில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். டேங்கின் பின் கண்ணாடி சரியாக ஒட்டவில்லை, சிலிக்கான் போட்டது நான், தப்பு என்னுடையது, தெரிந்தே சொல்லாமல் விட்டேன், என் கணவருக்கு இது தெரியாது. இவ்வளவுதான். உங்கள் பிழைப்பில் மண் விழக் கூடாது என்று கேட்டீர்கள். விழுகிற மண் என் தலையில் விழட்டும். நான் அந்த ஊரில் இல்லை, எனக்கு ஒன்றும் ஆகாது.

உங்களுக்குத் தெரியாது என்று எழுதினதில் பாதி பொய். கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்திருந்தது நீங்கள்தான். இருபத்தைந்து நிமிஷம் நின்றிருந்தவருக்கு சிலிக்கான் தோல் கட்டியிருக்கும் என்று தெரியாதா? ஆனால் அது உங்கள் மனசுக்கு விட்டது.

பதினைந்து நாள் என்னால் தர முடியவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்ற அந்தப் பையனை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. எழுதின பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடியும் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பீர்கள். இந்தத் தடவை என்னையே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 22

என் தங்கமான பாப்பா அம்மாவுக்கு,

டேங்க் பட்டறையில் இருக்கிறது. காலியாக. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விட்டுக்கொள்.

பதினேழாம் தேதி காலை டாக்டர் போன் செய்து "உடனே வாங்க" என்றார். குரலிலேயே புரிந்துவிட்டது. போனபோது குட்டி நாற்காலிகளையெல்லாம் அடுத்த அறைக்கு மாற்றி, கதவில் உள்ளே வர வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தார். உன் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. கத்தவில்லை. "மொதல்ல தண்ணிய எடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவரே பேன்டை மடித்துவிட்டு வாளி தூக்கினார். மீன்களைப் பெரிய தொட்டிகளில் விட்டோம். ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்கு மேல் பேச நேரமில்லை, நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். டேங்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

நேற்றுப் பிரித்தேன்.

உன் மூன்றடியில் பிளேடை வைத்தேன். வெண்ணெயில் போகிற மாதிரிப் போனது. கண்ணாடியைத் தூக்கினால், உன் கோடு அடிக் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது, மேலே பாலாடை மாதிரி வழவழவென்று. பின் கண்ணாடியில் ஒரு துணுக்கு சிலிக்கான் இல்லை. துடைத்து வைத்த மாதிரி. நீ சொன்னதில் ஒரு அங்குலம்கூடப் பிசகில்லை. உன் இரண்டாவது பாதி மட்டும் விடவே இல்லை. மூன்று பிளேடு போனது.

பிறகு முன் கண்ணாடிக்கு வந்தேன். பிளேடு தேவைப்படவில்லை. கையால் இழுத்தேன், வந்துவிட்டது, ஆறடியும். சிலிக்கான் ஒரு வருஷம் கழித்தும் பிசுபிசுவென்று கம்பியாக நீள்கிறது. ஆமாம், மேல் தட்டுப் பெட்டிதான். நீ போன மறுவாரம், வேன் டிரைவரைக் கூட வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியை வைத்தேன். தேதியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போட்டேன். நல்ல பெட்டி வாங்கக் கடைக்குப் போக வேண்டும், போகச் சோம்பல், உன் மேல் கோபம், உன் பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போட்டிருந்தால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும் என்ற வீம்பு. பத்து நாள் முன்னால் உனக்குப் புதுப் பெட்டி என்று பொய் எழுதினேன்.

பின் கண்ணாடி இன்னும் ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்கும். முன் கண்ணாடி தாங்கியிருக்காது. அந்தப் பையன் கை வைத்துத் தட்டின கண்ணாடி அது. உன் கடிதம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய மனுஷன் மாதிரி எழுத வரவில்லை எனக்கு. அழுதேன். அவ்வளவுதான்.

நாளைக் காலை டாக்டரைப் பார்க்கிறேன். முன் கண்ணாடி என் தப்பு, பின் கண்ணாடியிலும் எனக்குப் பங்கு உண்டு என்று சொல்லிவிடுவேன். அவர் என்ன சொன்னாலும் சரி. உன் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நான் தூங்க முடியாது.

நீ வந்துவிடு. நீ சொல்கிற சிலிக்கான்தான் வாங்குவேன், நீ தேதி பார்த்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்பேன். உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். ஒரு தடவை அடி.

உன்
பாப்பா அப்பா

ஜூன் 27

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதே தபாலில் டாக்டரிடமிருந்தும் ஒன்று வந்தது. கையெழுத்து தெரிந்த உறையை முதலில் பிரித்தேன்.

படித்து முடித்ததும் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். துணிப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். பாப்பா "எங்கம்மா போறோம்?" என்றாள். "அப்பாகிட்ட" என்றேன். அவள் இரண்டு கவுனையும் தன் வண்ணப் பென்சில் டப்பாவையும் எடுத்துவந்து வைத்தாள். முன் கண்ணாடி என் தப்பு என்று நீங்கள் எழுதின வரியை நான் மூன்று தடவை படித்தேன். பதினான்கு மாதமாக நான் காத்திருந்தது மன்னிப்புக்கு இல்லை. அந்த மாதிரி ஒரு வரிக்குத்தான். உங்கள் எண்ணைக்கூட அடிக்க எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கியது, வைத்துவிட்டுப் போனேன். வந்து, அடிப்பதற்கு முன்னால், இன்னொரு உறையைப் பிரித்தேன்.

டாக்டர் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உங்கள் கடிதம் பெரிய விபத்தைத் தடுத்தது. தவறை ஒப்புக்கொள்ள எல்லோருக்கும் தைரியம் வராது. நன்றி. உங்கள் கணவர் இன்று, 23ஆம் தேதி, நேரில் வந்தார். டேங்கைப் பிரித்துப் பார்த்ததாகவும், நீங்கள் சொன்ன பின் கண்ணாடி தவிர மற்ற எல்லா இணைப்புகளும் உறுதியாக இருந்ததாகவும் சொன்னார். உங்கள் மேல் தனக்குக் கோபமில்லை என்றும், உங்களை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அப்படிப்பட்ட மனிதர் உங்களுக்குக் கிடைத்திருப்பது பாக்கியம். புது டேங்க் வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் மறுபடி சேர்ந்து வாழ வேண்டும் என்பது என் விருப்பம்."

உங்கள் கடிதத்தில் தேதி 22. முன் கண்ணாடி கையோடு வந்ததைப் பார்த்தது 21. நீங்கள் அவர் முன்னால் உட்கார்ந்து என்னை மன்னித்தது 23.

எனக்கு எழுதினதும் பொய் இல்லை என்று நம்புகிறேன். எழுதும்போது அப்படித்தான் செய்ய நினைத்திருப்பீர்கள். படியேறும்போதுகூட நினைத்திருப்பீர்கள். அவர் என் கடிதத்தை மேசை மேல் வைத்து, "உங்க மனைவி எல்லாத்தையும் எழுதிட்டாங்க" என்று ஏதாவது சொல்லியிருப்பார். உங்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும். நான்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டேன், அதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மன்னித்திருக்க வேண்டாம்.

கண் கலங்கினதாமே. அதையும் நம்புகிறேன்.

கவுன்களை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். பாப்பாவிடம் லீவுக்கு அத்தை வந்து கூட்டிப் போவாள் என்று சொல்லியிருக்கிறேன். அவளை உங்களிடமிருந்து நான் பிரிக்க மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் அவளிடம் பேசுங்கள், போனை அவள் எடுப்பாள்.

டாக்டருக்கு ஒரே ஒரு வரி பதில் எழுதிப் போட்டேன். "புது டேங்குக்குச் சிலிக்கான் போடுவதற்கு முன், ஒவ்வொரு டியூபிலும் அச்சடித்திருக்கும் தேதியை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள்." குழந்தைகள் உட்காருகிற இடம், அதனால் எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. முன் கண்ணாடியைப் பற்றி எழுதவில்லை. அவரிடமாவது நீங்கள் நல்லவராகவே இருந்துவிட்டுப் போங்கள்.

பாப்பாவின் அம்மா